வெல்வெட்டு அரசியும் கம்பளித் தொப்பியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலோவீனுக்கும், பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியரைப் போல உடுத்திச் செல்லும் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாக்களுக்கும் எந்த உடையைத் தேர்ந்தெடுப்பது என்று அமெரிக்கத் தமிழ் வாசகர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான குறிப்பைப் படித்தேன். இரண்டுக்கும் ஓர் உடையே போதும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த ஓர் உடையாக அதில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, பிளாஸ்டிக் உறையில் மடித்து விற்கப்படும் சிவப்பு வெல்வெட்டு ‘அரசி’ கவுன். அதே போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஒரு பகல் முழுவதும் உடுத்தி அவதிப்பட்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சிற்றூரில் 1974 முதல் நடந்துவரும் டெக்சஸ் மறுமலர்ச்சித் திருவிழா அக்டோபர், நவம்பர் மாதங்களின் வார இறுதிகளில் வருவதால், எங்கள் பகுதிக் குடும்பங்கள் அதற்கும் ஹாலோவீனுக்கும் சேர்த்தே உடை தேடுகின்றன. ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 அன்று வேடமிட்டு இருட்டில் இரண்டு மணி நேரம் வீடு வீடாகப் போய் வருவது. திருவிழா என்பது காலை முதல் மாலை வரை வெயிலிலும் புழுதியிலும் நடப்பது. அக்டோபரில்கூட இங்கே 30 டிகிரி வெயில் புதிதல்ல. என் கவுன் அசல் பாலியெஸ்டர். பதினோரு மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொண்டது. மார்புப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக இருந்த கயிறு வெறும் அலங்காரம். உண்மையில் திறப்பதும் மூடுவதும் முதுகில் இருந்த ஜிப். அது கழிப்பறையில் பாதியில் சிக்கிக்கொள்ள, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கால் மணி நேரம் போராடி என்னை விடுவித்தார். நீண்டு தொங்கிய கைகள் சூப்பில் நனைந்த கதையை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண்மணி உடுத்தியிருந்ததுதான் என் கண்ணைத் திறந்தது. வெள்ளை உள்சட்டை, பழுப்புப் பாவாடை, அதன்மேல் கையில்லாத இறுக்கமான மேலுடை, இடுப்புப் பட்டையில் தொங்கும் தோல் பை, அவ்வளவுதான். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட அரசி முதலாம் எலிசபெத் காலத்து ஊர்ச் சந்தைக்கு வரும் பெண் அப்படித்தான் இருந்திருப்பாள் என்றார். உடை தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: நான் அன்று யாராக இருந்திருப்பேன்? ஏனென்றால் அந்தக் காலத்தில் யார் எதை உடுத்தலாம் என்பதற்குச் சட்டமே இருந்தது. 1574-ஆம் ஆண்டு எலிசபெத் வெளியிட்ட ஆணையின்படி, ஊதாப் பட்டும் பொன்னிழைத் துணியும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டுமே உரியவை. சாதாரணக் குடும்பத்துப் பெண் வெல்வெட்டில் வலம் வர முடியாது. அவளுக்கு உரியவை லினன் எனும் ஆளிநார்த் துணியும் கம்பளியும். அவைதாம் நம் பணப்பைக்கும் ஒத்துவருகின்றன.

தொடங்க வேண்டிய இடம் ஸ்மாக் எனப்படும் அந்த உள்சட்டை. செவ்வகங்களும் முக்கோணங்களும் அக்குளில் வைக்கும் சிறு சதுரத் துண்டுமாகத் துணி வீணாகாமல் வெட்டப்படுவது அது. ஜிப்பா தைக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். லினன் கிடைத்தால் நல்லது. நான் தைத்தது என் கணவரின் எட்டு முழ வேட்டியில், கரையை வெட்டி எடுத்துவிட்டு. வியர்வையை அது வாங்கிக்கொள்வதால் மேலுடையை அடிக்கடி துவைக்கும் தொல்லையும் இல்லை. அன்றும் அதே காரணத்துக்காகத்தான் அதை உடலோடு ஒட்டி உடுத்தினார்கள்.

மேலுடையில் பார்க்க வேண்டியது கயிறு கோக்கும் முறை. கடைகளில் விற்பவை பெரும்பாலும் நாம் இன்று ஷூவுக்குக் கட்டுவதைப் போல இரு முனைகளும் குறுக்காக மாறி மாறி ஏறுபவை. அக்கால உடைகளில் பரவலாக இருந்தது வேறு: ஒரே கயிறு, கீழ்த்துளையில் முடிச்சு, அங்கிருந்து கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைப்பது போல ஒரே முனை சுற்றிச் சுற்றி மேலே போகும். துளைகளின் விளிம்பில் உலோக வளையம் கிடையாது. நூலால் சுற்றித் தைத்திருப்பார்கள். முன்பக்கத்தில் இப்படிக் கோத்துவிட்டால் யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றலாம்.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. 1571-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ஞாயிறுகளிலும் விழா நாள்களிலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர் அனைவரும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டும், தவறினால் அபராதம். தொப்பி பின்னுவோரின் பிழைப்பைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது, 1597-இல் நீக்கப்பட்டது. பிளாஸ்டிக் வாளைவிட அந்தத் தட்டைத் தொப்பி ஒன்று போதும், பையன் அந்தக் காலத்தவனாகிவிடுவான். கழுத்தைச் சுற்றிய கஞ்சி போட்ட மடிப்புப் பட்டி கண்ணைப் பறிப்பது உண்மைதான். ஆனால் கஞ்சி போடும் கலையைக் கற்றுத்தர 1564-இல் இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்த ஃபிளெமியப் பெண்ணொருவர் பவுன் கணக்கில் கட்டணம் வாங்கினார் என்றால், அது யாருடைய கழுத்துக்கு ஆனது என்பது விளங்கும்.

ஹாலோவீனைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையை அந்தக் குறிப்பு முற்றிலும் தவறவிட்டுவிட்டது. வாசல்படிகளில் வைத்த பூசணி விளக்குகள் சிலவற்றில் இன்றும் உண்மையான மெழுகுவத்தி எரிகிறது. பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் லினனும் எளிதில் பற்றுபவையே. கம்பளி மட்டும் அவ்வளவு சுலபமாகப் பற்றாது. ஆகவே எந்தத் துணியானாலும் குழந்தைகளின் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், கைகள் மணிக்கட்டோடு முடியட்டும். வேலை செய்து பிழைத்த பெண்களின் பாவாடை அன்றும் தரையைப் பெருக்கிக்கொண்டு போகவில்லை.

அடுத்த ஆண்டு இத்தகைய உடைகளின் படங்களை வெளியிடும்போது, விலைக்குப் பக்கத்தில் அது என்ன துணி, திறப்பு முன்னாலா பின்னாலா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஹூஸ்டன், டெக்சஸ்.