துரை பங்களாவிலிருந்து வந்த நாலு புத்தகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புத்தகம் சேர்ப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாவல்களின் முதல் பதிப்பு, பைண்டு செய்த தொடர்கதை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். காட்டையும் வயலையும் பறவைகளையும் காட்டும் பழைய சிறுவர் புத்தகங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் சேர்ப்பது அவற்றை மட்டுமே. அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கு எழுதினார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தோட்டத்துத் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பினார். பங்களாவில் மீந்த சாமான்களோடு நாலு சின்னப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. இங்கிலாந்தின் லேடிபேர்ட் வெளியீடு, ‘வாட் டு லுக் ஃபார்’ (எதையெல்லாம் பார்க்கலாம்) என்ற வரிசை. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவத்துக்கு ஒன்று. 1959-லிருந்து 1961-க்குள் வந்தவை. எழுதியவர் கிராண்ட் வாட்சன், படம் வரைந்தவர் சார்லஸ் டனிக்ளிஃப். எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. படங்களைத்தான் படித்தேன். உழுத மண்ணில் இறங்கும் பறவை, வேலியோரத்துப் பூ, நிறுத்திவைத்த கதிர்க்கட்டு என்று ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தது இன்னும் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலத்தோடு கொடுத்த பறவை அட்டைகளுக்குப் படம் போட்டவரும் இதே டனிக்ளிஃப்தான். இது பிற்பாடு தெரியவந்தபோது, தேயிலைக்குள்ளேயே வளர்ந்த எனக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தது போலிருந்தது.

சேர்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். உள்ளே ‘முதல் பதிப்பு 1959’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மறுஅச்சிலும் அந்த வரியை அப்படியே விட்டிருப்பார்கள். விலையைப் பாருங்கள். இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்றிருந்தால் 1971-க்கு முந்தியது. அந்த வருடம்தான் அங்கே ஷில்லிங் கணக்கு ஒழிந்தது. மேலே காகித உறை இருந்தால் இன்னும் பழையது. 1960-களின் நடுவில் உறை போடுவதை நிறுத்தி, படத்தை அட்டையிலேயே அச்சிடத் தொடங்கிவிட்டார்கள். என்னிடம் இருப்பவற்றில் ஒன்றில்தான் உறை தப்பியது. துரை வீட்டுப் பிள்ளை அதன் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

வயதான பிறகு அந்தப் படங்கள் வேறு விதமாகப் பேசின. வேலியோரம் வரிசையாக நிற்கும் எல்ம் மரங்களைச் சாதாரணமாக வரைந்து வைத்திருக்கிறார் டனிக்ளிஃப். 1960-களின் கடைசியில், வெளியிலிருந்து வந்த மரத்தடிகளோடு கொடிய பூஞ்சை நோய் ஒன்று பிரிட்டனுக்குள் நுழைந்தது. பட்டைக்குள் துளைக்கும் வண்டு அதை மரத்துக்கு மரம் கொண்டுபோனது. இரண்டரைக் கோடி எல்ம் மரங்களுக்கு மேல் பட்டுப்போயின. நம் ஊர் ஆள்காட்டிக் குருவிக்கு உறவான, கொண்டை வைத்த ஆள்காட்டி ஒன்று அந்த வயல்களின் பறவை. 2009-ல் அதை, ஆபத்திலுள்ள பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மறைந்துபோகும் என்று நினைத்து அவர் எதையும் வரையவில்லை. குழந்தைகள் அன்றாடம் பார்ப்பதை வரைந்தார், அது பதிவாகிவிட்டது.

நம் மலைக்கு அப்படி ஒரு பதிவு எங்கே? கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) மூடுவதற்கு முன்னால் எங்கள் மேட்டுப் புல்வெளி எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டாள். காட்டுவதற்கு ஒரு படம் இல்லை. அந்தப் புல்லை நம்பியே வாழும் நீலகிரி நெட்டைக்காலிக் குருவியை எந்தச் சிறுவர் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மூலம் வந்த தமிழ்ப் புத்தகங்கள் சில என்னிடம் உண்டு. அவற்றின் கரடியும் முயலும் பனியும் எனக்கு உயிர். ஆனாலும் அது அவர்கள் ஊர்ப் பனி. ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் நம் உறைபனியை யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை.

இருப்பவையும் போகின்றன. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைக் காலி செய்து, பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். செய்தி கேட்டு நான் போவதற்குள் பாதி கட்டு லாரியேறிவிட்டது. மிச்சத்தில் பதினோரு புத்தகங்களை மீட்டேன். இரண்டில் படங்களைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நூலகத்தைக் கழிக்கும் தலைமையாசிரியர்களே, பழைய பங்களா வாங்கிச் சுத்தம் செய்கிறவர்களே, கட்டைக் கட்டுமுன் ஒரே ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

இந்த மலை ஈரத்தில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். கண்ணாடிப் பெட்டியில் அடைக்காமல் காற்றோட்டமாக நிற்க வைத்து, துணிப்பையில் வசம்பு போட்டு வைக்கிறேன். மழை விட்டதும் ஒவ்வொன்றாகப் பிரித்து நிழலில் ஆற்றுவேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் மாதம் ஒரு பக்கம், அந்த மாதம் நம் மலையில் என்ன பார்க்கலாம் என்று படத்தோடு போடுங்கள். ஜனவரியில் உறைபனியும் வரையாட்டுக் குட்டியும். பிப்ரவரியில் சோலையோரம் சிவந்து நிற்கும் காட்டுப் பூவரசு. செப்டம்பரில் வடக்கேயிருந்து ஓடைக்கு வந்துசேரும் வாலாட்டி. வரைய இந்த ஊரிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே மூன்று பேரைச் சொல்வேன். எப்படி வரையலாம் என்று அவர்களுக்குக் காட்ட என் நாலு புத்தகங்களையும் தருகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து, உங்கள் மேஜையில் வைத்துப் பக்கம் புரட்டிக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
கோத்தகிரி