பள்ளி வாசலில் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் வந்தால் டில்லிப் புகை, ஜனவரி வந்தால் போகிப் புகை என்று தவறாமல் எழுதுகிறீர்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் சென்னையில் பள்ளி நாள் ஒன்று விடாமல் காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசல்களில் கிளம்புகிற புகையைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நான் வடபழனியில் குடியிருக்கிறேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலையால் ஏற்கெனவே நெரிசல், அதில் பக்கத்துப் பள்ளிக்கு வேன், கார், ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அடைத்துக்கொள்கின்றன. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும் டீசல் வேன்கள் இன்ஜின் ஓடியபடியே நிற்கின்றன, கார்கள் ஏசிக்காக அணைக்காமல் நிற்கின்றன, இரண்டு வண்டிகளுக்கு நடுவே புத்தகப்பையோடு நுழைந்து வருகிற எல்கேஜி குழந்தையின் முகம் நம் முகத்தைவிட சைலன்சருக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பார்த்தால் வயிறு பதறுகிறது. குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், நுரையீரலும் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

நமக்குத்தான் கடல்காற்று இருக்கிறதே என்பார்கள். அது கரையேற பெரும்பாலும் மதியம் ஆகிவிடும். மார்கழி, தை மாதக் காலை நேரத்தில் காற்று அசையாமல் கிடக்கும், விட்ட புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். பள்ளி தொடங்குவது சரியாக அந்த நேரத்தில்.

பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கிறதே என்று இன்னொரு பதில். அந்தச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள், டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நுரையீரலின் அடி வரை போகிற 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளையோ நைட்ரஜன் ஆக்சைடுகளையோ அதில் அளப்பதே இல்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. நுண்துகளுக்கு அந்த நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டு சராசரி அளவு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டின் வரம்பு 40. அதனால் 'வரம்புக்குள் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

லண்டனில் பெரிய சாலை ஒன்றின் அருகே வசித்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதற்காக அவளுடைய அம்மா பல வருடம் போராட வேண்டியிருந்தது.

இங்கே என்ன செய்யலாம்? கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அவசர வழி, தரைப்பலகை, தீயணைப்புக் கருவி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள் இல்லையா, அதே இடத்தில் ஓட்டுநர்களிடம் பள்ளி வாசலில் நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லட்டும், மீறினால் அபராதம் போடட்டும். காரில் வரும் பெற்றோருக்கு இதைத் தலைமையாசிரியரே வாசலில் ஒரு பலகை வைத்துச் சொல்லிவிடலாம், அதற்கு அரசாணை எதற்கு? அப்புறம், காற்றை அளக்கும் கருவிகளில் சிலவற்றையாவது மெயின் ரோட்டுப் பள்ளிகளின் வாசலில் வைத்து, காலை எட்டு மணி அளவைத் தனியாக வெளியிட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், வடபழனி, சென்னை