வரிசையின் சிவப்புக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

கவுண்டரோ கால் சென்டரோ, ஆட்கள் காத்திருக்கும் பல இடங்களில் இப்போது திரையில் ஒரு வரைபடம் ஓடுகிறது. காத்திருப்பு நேரம் சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பிடித்துக் கேட்கிறார்கள். சரி, அந்தக் கோட்டை எந்தக் கணக்கில் போட்டார்கள்?

சில இடங்களில் அது பாடப்புத்தகக் கணக்குதான். 1924-இல் வால்டர் ஷூவர்ட் தொழிற்சாலை உற்பத்திக்காக உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடம் அது. அளவுகள் வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சொல்லும் எண் திட்டவிலக்கம்; சராசரியிலிருந்து மேலும் கீழும் மூன்று திட்டவிலக்கம் தள்ளி எல்லை. அளவுகள் ஒன்றையொன்று சாராமல், சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருந்தால் சுமார் 370 புள்ளிகளுக்கு ஒருமுறைதான் பொய் எச்சரிக்கை வரும். வரிசையில் இந்த இரண்டுமே கிடையாது. எனக்கு முன்னால் நிற்பவர் 20 நிமிடம் நின்றிருந்தால் நானும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் நிற்கத்தான் போகிறேன், எனக்குப் பின்னால் வருபவரும் அப்படியே. அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தை வைத்து எல்லை போட்டால் அது மிகவும் குறுகிவிடும், எச்சரிக்கை மணி சும்மா சும்மா அடிக்கும்.

இன்னொன்று. ஒரே கவுண்டர், ஆட்கள் தற்செயலாக வருகிறார்கள், சேவை நேரமும் அதேபோல் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருக்கும்போது சராசரியாக 4 பேர் இருப்பார்கள், 90-இல் 9 பேர், 95-இல் 19 பேர். அந்த 90 சதவீதத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே நூற்றில் 12 பங்கு நேரம் 20 பேரோ அதற்கு மேலோ நிற்பார்கள். இதற்கு ஊழியர் என்ன பதில் சொல்வார்?

வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, அதை உண்டாக்கும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது. காத்திருப்பைப் போல, இவற்றில் ஒரு அளவு அடுத்த அளவைப் பெரும்பாலும் அவ்வளவாகத் தொற்றிக்கொள்வதில்லை. காலை பத்து மணி வருகையை மற்ற நாட்களின் காலை பத்து மணி வருகையோடுதான் ஒப்பிட வேண்டும், சேவை நேரத்தைச் சிறு குழுக்களாகச் சராசரி எடுக்க வேண்டும். அப்புறம், கவுண்டர் வேலையில் இருக்கும் நேரம் 90 சதவீதத்திலிருந்து 95 ஆவது பார்வைக்குச் சின்ன நகர்வு, ஆனால் வரிசை இரட்டிப்பாகிவிடுகிறது. அதைச் சீக்கிரம் பிடிக்க, விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் குயூசம் வரைபடம் 1954-இலேயே வந்துவிட்டது.

வருகை ஏறி, சேவை நேரம் மாறாமல் இருந்தால் தேவை இன்னொரு கவுண்டர். அங்கே இருப்பவருக்கு மெமோ கொடுப்பது அநியாயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்