மரவாடித் தொழிலாளர் குழு: ஏப்ரல் 12 கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குவதால், பழுதுபார்க்கக் கரையேற்றப்படும் படகுகளுக்கான பலகை வேலை நம் அறுவை மில்களில் ஒரே நேரத்தில் குவியும். அதற்கு முன், ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு, மண்டபத்தில் நாம் வழக்கமாகக் கூடும் இடத்திற்கு அனைவரும் வர வேண்டுகிறேன்.

1. பழைய படகுப் பலகையை ஆணி பிடுங்காமல் ரம்பத்தில் ஏற்றாதீர்கள். உப்புக்காற்றில் துருவேறிய ஆணியின் தலை உதிர்ந்து, தண்டு மட்டும் மரத்துக்குள் மறைந்திருக்கும். அதில் மோதினால் ரம்பத்தின் பல் தெறித்து முகத்துக்கே வரும். சென்ற ஆண்டு என் புருவத்தில் பட்ட காயம் அப்படி வந்ததுதான், அவசரப்பட்டவன் நானே. காந்தத்தைப் பலகைமேல் ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

2. சுழலும் ரம்பத்தின் அருகே கையுறை, தோள்துண்டு, தொங்கும் லுங்கி கூடாது. கடைசிச் சாண் பலகையைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளவும்.

3. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, முகக்கவசம் வேண்டும்.

4. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத, 16 முதல் 59 வயது வரையுள்ளவர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவுக்காக ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதாருடன் இணைத்த கைப்பேசி ஆகியவற்றுடன் வரவும்.

வருபவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பதிலிடவும்; முகக்கவசம் தேவைப்படுவோர் அதையும் குறிப்பிடவும்.