செயலாளர் ஆண்டறிக்கை: பின்னலும் நூலும் பீலித் தண்ணீரும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது பின்னல் கழகத்தின் மாதக் கூட்டங்களும் பழகுநர் வகுப்பும் வழமைபோல் நடந்தன. இவ்வாண்டு அதிகம் பேசப்பட்டது நூலைப் பற்றித்தான்.

கையால் பின்னினால் மின்சாரச் செலவில்லை, வெட்டுத்துணி மிஞ்சுவதில்லை. ஆனால் கடையில் 'வூல்' என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். பெற்றோலியத்திலிருந்து செய்த பிளாஸ்டிக். 2016இல் பிளிமத் பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வின்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒருமுறை துவைத்தால் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட இழைத் துகள்கள் கழியலாம். தலவாக்கலையில் பீலியடியில், அதாவது மலைநீர் விழும் குழாயடியில், அலசிய தண்ணீர் கொத்மலை ஓயா, மகாவலி என்று திருகோணமலைக் கடல் வரை போகிறது. ஆகவே அக்ரிலிக் நூலைத் தொப்பி, போர்வை என்று அடிக்கடி துவைக்காதவற்றுக்கே வைத்துக்கொள்வோம்.

நூல் எதுவென்று தெரியாவிட்டால், சிறு துண்டைக் கிடுக்கியில் பிடித்துத் தண்ணீர்ச் சட்டிக்கு மேல் கொளுத்துங்கள். கம்பளி, முடி கருகும் மணத்தோடு பொடியும் கரியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். ஆறிய பிறகே தொடவும்.

நம்மிடம் உள்ள மிகச் சிறந்த நூல் பழைய கம்பளிச் சுவெட்டரில்தான் இருக்கிறது. வாங்கும்போது உட்பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் (வெட்டிய ஓரத்தை மெஷினால் சுற்றித் தைத்திருந்தால்) ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகவே வரும், விட்டுவிடுங்கள். ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலித் தையலாக இருந்தால் எடுக்கலாம். பெரியவருக்கு ஒரு சுவெட்டர் பின்ன 400 முதல் 500 கிராம் வரை வேண்டும். தையலில் கொஞ்சம் வீணாகும் என்பதால் பெரிய அளவாகவே தேடுங்கள்.

தையலை அறுத்து, மேல் விளிம்பிலிருந்து பிரியுங்கள். கீழிருந்து இழுத்தால் பின்னல் கண்ணுக்குக் கண் சிக்கும். பிரித்ததைக் கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சுருள் நீங்க வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீர் ஊற்றிக் கசக்கினால் இழைகள் பின்னிப் பிணைந்து கட்டியாகிவிடும், பிறகு மீட்கவே முடியாது. துவாயில் ஒற்றி நிழலில் தொங்கவிடுங்கள்; பாரமாக எதையும் கட்டினால் நூலின் இழுவை போய்விடும்.

சுருள் நீங்காத நூலில் பின்னியதால் சில உறுப்பினரின் உடுப்பு முதல் துவைப்பிலேயே நீண்டுவிட்டது. 15 சென்ரிமீற்றர் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவிலுள்ள 10 சென்ரிமீற்றரில் பின்னல் கண்களை எண்ணி அளவு பார்த்த பிறகே உடுப்பைத் தொடங்குங்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தையல் பார்த்த பழைய சுவெட்டர் ஒன்றையாவது கொண்டு வாருங்கள், சேர்ந்து பிரிப்போம். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்