காஸ் வீதியில் நான் நின்ற அரை மணித்தியாலம்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் நலம். நீயும் மருமகனும் பேரனும் நலமாயிருக்கக் கோணேசப் பெருமான் துணை.

சென்ற யூலையில் பேர்மிங்காமில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் காத்திருக்க, நான் காஸ் வீதிப் படகுத்துறையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன். “சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், அப்பா?” என்று நீ கோபித்துக்கொண்டாய். அன்று பேரனின் பசிக்கு முன்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ‘வூஸ்டர் பார்’ எனப்படும் அணையை. அகலம் ஏழு அடி, அதாவது இரண்டு மீற்றருக்குச் சற்றே கூட. அதன் இருபுறமும் நீளப் படகுகள் கட்டிக் கிடந்தன; இரு பக்கத்துத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. மேடு பள்ளம் இல்லாத இடத்தில், ஓடி வந்து சேர வேண்டிய இரண்டு கால்வாய்களுக்கு நடுவே எதற்காக ஓர் அணை? தம்பலகாமத்தில் பத்து வருடம் வட்டவிதானையாக இருந்து தண்ணீர் பங்கிட்டவனுக்கு அதைக் கண்டதும் கால் நகரவில்லை.

பழைய கால்வாய் பேர்மிங்காம் கம்பனியுடையது. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் வகுத்த அந்த வழியில் 1769 இலேயே சுரங்கத்து நிலக்கரி நகரை நோக்கி வரத் தொடங்கிவிட்டது. பின்னர் 1791 இல், நகரிலிருந்து நேரே வூஸ்டருக்குப் போய் செவேர்ன் ஆற்றில் விழும் புதிய கால்வாய்க்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. பழைய கம்பனி விடவில்லை. தன் சம்மதம் இல்லாமல் புதிய கால்வாய் தன் கால்வாய்க்கு ஏழு அடிக்குக் கிட்ட வரக்கூடாது என்று அதே சட்டத்திலேயே எழுதுவித்துக்கொண்டது.

அந்தப் பயத்தின் காரணத்தை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். பேர்மிங்காம் மேட்டு நிலம். கால்வாய் மட்டமே கடலிலிருந்து 138 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் பெரிய ஆறும் இல்லை. புதிய கால்வாயோ வூஸ்டருக்கு இறங்க 58 நீர்ப்பூட்டுகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், வேண்டியது. அவற்றில் 30 ராடபிக் என்ற ஒரே இடத்தில் படிக்கட்டுப் போல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு படகு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பூட்டு நிறைந்த தண்ணீர், ஓர் இலட்சம் லீற்றருக்குக் குறையாமல், மேலிருந்து கீழே போகும், போனது திரும்பாது. இரண்டும் திறந்தபடி சேர்ந்தால் தன் தண்ணீர் முழுவதும் அயலானின் படிகளில் வழிந்துவிடும் என்று பழைய கம்பனி கணக்குப் போட்டது. கணக்குச் சரி. ஆனால் வியாபாரம் அயலான் பக்கம் ஓடிவிடும் என்ற பயமும் பாதிக்குப் பாதி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தண்ணீர் நியாயம் பேசுகிறவன் மடியில் வேறு கணக்கும் இருக்கும் என்பதைக் கூட்டங்களில் நிறையக் கண்டவன் நான்.

புதிய கால்வாயில் 1795 இல் படகு ஓடத் தொடங்கியது. அதன் பிறகு இருபது வருடம், ஒரு பக்கத்துப் படகிலிருந்து சரக்கை இறக்கி, அந்த ஏழு அடியைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய், மறுபக்கத்துப் படகில் ஏற்றினார்கள். நிலக்கரியைக் கூடத்தான். 1815 இல், புதிய கால்வாய் வூஸ்டர் வரை வெட்டி முடிந்த அதே வருடம், அணையை உடைத்து ஒரு பூட்டு வைக்கச் சம்மதம் கிடைத்தது. இன்று உல்லாசப் படகுகள் அந்த இடைவெளியால் நிற்காமல் கடந்து போகின்றன.

நம்முடைய கடைக்கண்ட வயல் உனக்கு நினைவிருக்கும். நீ பத்தாம் வகுப்புப் படித்த வருடத்துச் சிறுபோகத்தில், மேல்கண்டத்தில் ஒருவர் இரவோடிரவாக மண்மூட்டை போட்டு வாய்க்காலை மறித்துவிட்டார். காலையில் நான் போய் நின்றபோது மேல் பக்கம் முழங்கால் தண்ணீர், கீழ்ப் பக்கம் வெடித்த சேறு. நடுவே இருந்தது மூன்றே மூன்று மூட்டை. இன்னொன்றையும் யோசித்துப் பார். நம் வயலுக்கு வரும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரே நம் மழை மட்டும் தந்ததல்ல. கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லையில் 1976 முதல் திருப்பிய மகாவலி நீரும் சுரங்க வழியாக அம்பன் கங்கையில் சேர்ந்து, மின்னேரியாவிலிருந்து யோத எல என்ற பழைய கால்வாய் வழியாகக் கந்தளாய்க் குளத்துக்கு வருகிறது. கொட்டியாரக் குடாவில் போய் விழ வேண்டிய ஆற்றில் ஒரு பங்கு நம் வரம்புக்குள் வந்து நிற்கிறது. எவருடைய தண்ணீர் என்று மூட்டை அடுக்கியவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் கிங்ஸ் நோட்டன் சந்தி இருக்கிறது. ஸ்ட்ராட்போர்ட் கால்வாய் வூஸ்டர் கால்வாயோடு சேரும் இடம். மழையால் நாம் போகாமல் விட்டது அதுதான். அங்கேயும் இரு கம்பனிகளுக்கு இடையே தண்ணீர்ச் சந்தேகம். ஆனால் தீர்த்த விதம் வேறு. சாதாரணப் பூட்டுக் கதவு இரண்டு சிறகாக முனை சேர்ந்து நிற்பது. தண்ணீர் உயர்ந்த பக்கத்திலிருந்து தள்ளினால்தான் அது இறுகும், மறுபக்கம் உயர்ந்தால் திறந்துகொள்ளும். எந்தப் பக்கம் எந்த நாளில் உயரும் என்று தெரியாத இடத்தில், மேலிருந்து நேரே இறங்கும் பலகைக் கதவு வைத்தார்கள். எந்தப் பக்கத்துத் தண்ணீரையும் அது தடுக்கும். நம் குளத்து மதகான துருசுப் பலகையின் வேலையேதான். அதைச் சங்கிலியில் தொங்கவிட்டுப் படகு போகும் அளவுக்குப் பெருப்பித்திருக்கிறார்கள். இப்போது அதை எப்போதும் தூக்கியே வைத்திருக்கிறார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்பு. முழுக் கதவும் தெரிய ஒன்று. கதவு ஏறி இறங்கும் பள்ளத்தைக் கிட்ட நின்று ஒன்று. பேரனை ஓரத்தில் நிறுத்தினால் உயரம் கணிக்க எனக்கு வசதியாயிருக்கும். தண்ணீர்க்கரை, கையை விடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா