கொட்டேஷன் கோரிக்கை ஏபிஐ வழிகாட்டியில் உள்ள பிழை குறித்த புகார்

அனுப்புநர்: கட்டட ஒப்பந்ததாரர், மதுரை.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

நாள்: 12.11.2025

பொருள்: கொட்டேஷன் கோரிக்கையைத் திருத்தும் ஏபிஐ-க்கான வழிகாட்டிப் பக்கம் தவறாக இருப்பதும், அதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டமும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மதுரையில் வீடு கட்டிக் கொடுக்கும் சிறிய ஒப்பந்ததாரர் நான். ஒன்றரை வருடமாக உங்கள் மென்பொருளுக்குச் சந்தா கட்டி வருகிறேன். கம்பி, சிமென்ட், எம் சாண்ட், ஜல்லி என்று ஒவ்வொன்றுக்கும் நாலு கடைக்கு போன் போட்டு ரேட் கேட்ட காலம் போய், பட்டியலை ஒரு தடவை ஏற்றினால் எல்லாக் கடைக்காரருக்கும் போய்விடுகிறது. அந்த வசதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை, ஏபிஐ-யை, அதாவது வெளியே இருக்கும் ஒரு நிரல் உங்கள் மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வழியை, விளக்குவதற்காக நீங்கள் வைத்திருக்கும் பக்கத்தில்தான்.

வீட்டுக்காரர் மனசு மாறாமல் கட்டி முடித்த வீடு என்று நான் இதுவரை ஒன்றும் பார்த்ததில்லை. மாடிப்படி இடம் மாறும், போர்ட்டிகோ நீளும். அளவு மாறும்போதெல்லாம் எக்செல்லில் ஒரு தடவை, உங்கள் மென்பொருளில் ஒரு தடவை என்று திருத்துவது தொல்லையாக இருந்தது. கணினி படித்த என் அண்ணன் மகன், எக்செல்லில் மாற்றினால் கோரிக்கையும் தானாக மாறுகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதித் தந்தான். உங்கள் பக்கத்தில் இருக்கும் மாதிரியை அப்படியே பார்த்துத்தான் எழுதினான். வினை அங்கேதான்.

அந்தப் பக்கத்தில் 'கொட்டேஷன் கோரிக்கையைப் புதுப்பித்தல்' என்று தலைப்பு. அதன் கீழே விளக்கம்: 'இது கொட்டேஷன் கோரிக்கையைப் புதுப்பிக்கும்.' அவ்வளவுதான். தலைப்பையே வினைச்சொல் சேர்த்துத் திரும்ப எழுதுவதற்கு ஓர் ஆள் எதற்கு? அதற்கும் கீழே புட் (PUT) என்ற கட்டளை முறையில் தரவை அனுப்பும் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் கோரிக்கை எண்ணும், மாறிய ஒரே ஒரு பொருளும் மட்டுமே உள்ளன. மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று யார் பார்த்தாலும் நினைப்பார்கள்.

என் கோரிக்கையில் 11 பொருட்கள் இருந்தன. 12 எம்எம் கம்பி 2 டன்னிலிருந்து 2.4 டன்னாக மாறியது. கம்பியை மட்டும் அனுப்பினோம். 200 என்று பதில் வந்தது, அதாவது வெற்றி. மூன்று நாள் கழித்து, அவசரம் என்பதால் எம் சாண்ட்காரருக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, நீங்க அனுப்புனதுல கம்பி மட்டும்தானே இருக்கு? மணல் வேற இடத்துல வாங்கிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். மற்ற 10 பொருட்களும் அழிந்துபோயிருந்தன. பழைய பட்டியலை மீட்கும் வழியும் திரையில் இல்லை.

உங்கள் உதவி மையத்தில் கேட்டால், புட் என்றால் முழுவதையும் மாற்றிவைப்பதுதான், நிரல் எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சரி, அது உண்மைதான். இணையத்தில் தரவு அனுப்புவதற்கான எச்டிடிபி விதிப்படி புட் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஒரு பகுதியை மட்டும் திருத்துவதற்கென்றே பேட்ச் முறையை 2010-லேயே தரப்படுத்திவிட்டார்கள். அப்படியானால் உங்கள் சர்வர் செய்தது சரி, உங்கள் மாதிரிதான் தப்பு. மாதிரியை நம்பியவனைப் படிக்காதவன் என்று சொல்வது என்ன நியாயம்?

இதைத் தேடப் போய் வேறு சிலதும் கண்ணில் பட்டன. 'அளவு' என்ற இடத்தில் 'எண்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். எந்த அளவையில் என்று இல்லை. எம் சாண்டும் ஜல்லியும் இங்கே யூனிட் கணக்கில்தான் ஓடுகின்றன. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். பட்டியலை மறுபடி ஏற்றும்போது 6 யூனிட்டுக்கு 6 என்று அனுப்பினோம். உங்கள் மென்பொருள் அதை 6 கன மீட்டராக எடுத்துக்கொண்டது. இரண்டு யூனிட் சொச்சத்துக்கு ரேட் வந்தது. மீதியை வேறொருவரிடம் அவசரத்துக்கு, யூனிட்டுக்கு 600 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன்.

அப்புறம், கடைக்காரர்கள் ரேட் அனுப்ப வேண்டிய கடைசி நேரம். மாலை 5 மணி என்பதற்கு உங்கள் மாதிரி 17:00 போட்டுக் கடைசியில் இசட் எழுத்தைச் சேர்க்கிறது. இசட் என்றால் உலகப் பொது நேரம். நமக்கு அது இரவு 10.30. நான் ஆறு மணிக்கே பட்டியலைப் பார்த்து ஒருவருக்கு உறுதி சொல்லிவிட்டேன். பத்து மணிக்குக் கம்பிக்கடைக்காரர் அதைவிடக் குறைந்த ரேட்டை அனுப்பிவைத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சிமென்டுக்கு உங்கள் மாதிரியில் இன்னும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அழிந்த அந்தக் கோரிக்கையை உங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டுத் தர வேண்டும். கடைக்காரர்கள் முன்பு அனுப்பிய ரேட்டுகள் அதில் இருக்கின்றன. மாதிரியைத் திருத்துங்கள், அல்லது பேட்ச் முறையைச் சேர்த்துக் கொடுங்கள். எதைச் செய்தாலும், ஏபிஐ பயன்படுத்தும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள், ஏனென்றால் அந்த மாதிரியை நகலெடுத்தது நாங்கள் மட்டுமாக இருக்காது. கூடுதலாகக் கொடுத்த மணல் காசை நான் கேட்கவில்லை. இந்த மாதச் சந்தாவைத் திருப்பித் தந்தால் போதும்.

அந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணன் மகன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், இணைத்துள்ளேன். அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சந்தா புதுப்பிக்கும் நாள் டிசம்பர் 1. அதற்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: திருத்திய வழிகாட்டிப் பக்கம், அனுப்பிய தரவு, வந்த பதில் ஆகியவற்றின் நகல்.